பெயர் ஒன்று, வினை வேறு

1899ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஆங்கிலேய இளைஞர் ஒருவருக்குப் பல பக்கங்களிலிருந்தும் பாராட்டுகள் வரத் தொடங்கின. நாவலாசிரியராக அவர் காட்டிய திறமையை எல்லோரும் மெச்சினார்கள். அவரும் ஒரு நாவல் எழுதியிருந்ததால், அதைத்தான் சொல்கிறார்கள் என்று முதலில் மகிழ்ந்துபோனார். பிறகுதான் விஷயம் புரிந்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இன்னொரு வின்ஸ்டன் சர்ச்சில் இருந்தார். அவர் எழுதிய நாவல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பாராட்டுகள் அத்தனையும் அவருக்குச் சேர வேண்டியவை.

இருபத்து நான்கு வயது ஆங்கிலேயர் ஒரு கடிதம் எழுதினார். திரு. வின்ஸ்டன் சர்ச்சில், திரு. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வணக்கம் தெரிவித்து, இருவரையும் பாதிக்கும் ஒரு விஷயத்தை அவர் கவனத்துக்குக் கொண்டுவருகிறார் என்ற தோரணையில் தொடங்கும் கடிதம் அது. இனித் தன் எழுத்துகளில் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று கையெழுத்திடுவதாக அவரே முன்வந்து சொன்னார். அமெரிக்கரும் அதே மரியாதையோடு பதில் எழுதினார். தமக்கும் நடுவில் ஒரு பெயர் இருந்திருந்தால் தாமே அதைச் சேர்த்துக்கொண்டிருப்பார் என்பது அதன் சாரம். இல்லாத பெயரை எங்கே போய்ச் சேர்ப்பது?

மறு ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயர் சொற்பொழிவுப் பயணமாக பாஸ்டன் போனபோது இருவரும் சந்தித்தார்கள். அமெரிக்கர் தடபுடலாக விருந்து வைத்தார். குழப்பம் மட்டும் தீரவில்லை. ஆங்கிலேயருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அமெரிக்கரின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. விருந்துக்கான பில் ஆங்கிலேயரிடம் வந்து நின்றது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமராகப்போகும் அந்த ஆங்கிலேயரே தம் வாழ்க்கைக் குறிப்பில் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

இந்த இருவர் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் அதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இவர்கள் பெயரில் மட்டும் மோதவில்லை, வாழ்க்கை நெடுகிலும் ஒருவர் தடத்தில் ஒருவர் கால்வைத்தபடியே போனார்கள். ஒருவர் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், மற்றவர் தரைப்படைக் கல்லூரியில். இருவரும் நாவல் எழுதினார்கள். இருவரும் அரசியலுக்குப் போனார்கள்: அமெரிக்கர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1906இலும் 1912இலும் ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றார். இருவரும் தூரிகை பிடித்து ஓவியமும் வரைந்தார்கள். ஆகவே, ‘எழுத்தாளர் சர்ச்சிலைச் சொல்கிறேன், அரசியல்வாதியை அல்ல’ என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லாமல் போயிற்று. நாவலாசிரியரல்லாதவர் என்று நாம் நினைக்கும் சர்ச்சிலுக்குத்தான் 1953இல் இலக்கிய நோபல் பரிசும் கிடைத்தது.

ஒரே பெயரைப் பலர் சுமப்பது எப்போது சிக்கலாகிறது, எப்போது ஆவதில்லை என்பதற்குத் தொல்காப்பியம் ஏறக்குறைய ஒரு சூத்திரமே தந்திருக்கிறது. மனிதர்களைப் பற்றி அல்ல, சொற்களைப் பற்றி. பல பொருள் தரும் ஒரு சொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. ‘மா’ என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. ‘மா பூத்தது’ என்றால் யாரும் விலங்கை நினைக்க மாட்டார்கள். பூத்தல் என்ற வினை பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. வினை மட்டுமல்ல, கூட வரும் இனமும், சொல்லப்படும் சார்பும்கூட அந்த வேலையைச் செய்யும் என்கிறது நூற்பா. ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும். அப்போது வேறு வழியில்லை, ‘மாமரம் வீழ்ந்தது’ என்று கிளந்து, அதாவது வெளிப்படையாக, சொல்லியாக வேண்டும். இலக்கணத்தில் வினை என்பது வினைச்சொல்; மனிதரிடத்தில் அது தொழில். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்திருப்பது இந்தக் கட்டுரைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

வினை வேறுபடும் மனிதர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். பிரான்சிஸ் பேக்கன் என்றொரு தத்துவ அறிஞர் 1561 முதல் 1626 வரை வாழ்ந்தார். சிதைந்த முகங்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் 1909இல் பிறந்து 1992இல் மறைந்தார். நூலகப் பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும். பின்னால் ஒட்டிய ஆண்டுகள்தான் அவர்களுக்கு நடுவிலுள்ள சுவர். ஆனால் பேச்சில் யாரும் குழம்புவதில்லை. ‘பேக்கனின் அறிவியல் முறை’ என்றால் ஒருவர், ‘பேக்கனின் ஏலம்’ என்றால் மற்றவர். மைக்கேல் ஜாக்சன் என்ற பெயரில் பீர், விஸ்கி வகைகளைப் பற்றி உலகமே மதிக்கும்படி எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். 2007இல் இறந்தார், பாடகர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஒருவரும் ஒரு மைக் ஜாக்சன்தான். ஸ்டீவ் மெக்குவீன் என்ற ஹாலிவுட் நடிகர் 1980இல் இறந்தார். அதே பெயருள்ள பிரிட்டிஷ் இயக்குநரின் படம் 2014இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்றது. இரண்டும் சினிமாதான். ஆனாலும் ஒருவர் கேமராவுக்கு முன்னால், ஒருவர் பின்னால். இந்தச் சிறு இடைவெளியே போதுமானதாக இருந்தது.

புகழ் எல்லை மீறிப் பெருகும்போது வினை போட்ட வரப்பு நிற்பதில்லை. எலிசபெத் டெய்லர் என்ற ஆங்கில நாவலாசிரியை கணவர் வழியாக அந்தப் பெயரைப் பெற்றவர். அவருடைய முதல் நாவல் 1945இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் குழந்தை நட்சத்திரம் எலிசபெத் டெய்லர் திரையில் பெரும் புகழ் அடைந்திருந்தார். தொழில் வேறு, வயது வேறு, வாழ்ந்த நாடு வேறு. என்ன பயன்? நடிகையை நினைத்து ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் நாவலாசிரியை வீட்டுக்கு வந்தன. அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றி உலகம் கேள்விப்படும் முன்பே இவர் எலிசபெத் டெய்லராகியிருந்தார். ஆனால் பெயர்களுக்குள் முந்தி வந்தவருக்கு உரிமை என்று ஒரு சட்டமும் இல்லை. உரக்க ஒலிப்பவருக்கே பெயர் சொந்தமாகிறது, மற்றவர் காலமெல்லாம் ‘நான் அவர் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தொழில் ஒன்றாகிவிட்டால் கிளந்து சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதைத் திரைத்துறை ரொம்ப முன்பே கண்டுகொண்டது. அமெரிக்க நடிகர் சங்கத்தில் ஏற்கெனவே பதிவான பெயரைப் புதிதாக வருபவர் வைத்துக்கொள்ள முடியாது. மைக்கேல் டக்ளஸ் என்ற இயற்பெயரோடு வந்த ஒருவர் அதனால்தான் மைக்கேல் கீட்டன் ஆனார். எமிலி ஸ்டோன், எம்மா ஸ்டோன் ஆனார். மைக்கேல் ஃபாக்ஸ் என்ற மூத்த நடிகர் இருந்ததால், ஆண்ட்ரூ என்ற தம் உண்மையான நடுப்பெயரை விட்டுவிட்டு, தமக்குப் பிடித்த வேறொரு நடிகரின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைக் கடன் வாங்கி மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஆனார் இன்னொருவர். இசையில் சங்கத் தடை இல்லை. ஆனால் டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர், டேவி ஜோன்ஸ் என்ற பாடகர் பிரபலமாகிவிட்டதைப் பார்த்து, டேவிட் போவி என்று மாற்றிக்கொண்டார். கேத்தரின் ஹட்சன் என்ற பாடகி, கேட் ஹட்சன் என்ற நடிகையோடு குழம்பிவிடக் கூடாது என்று தம் தாயின் குடும்பப் பெயரை எடுத்து கேட்டி பெர்ரி ஆனார். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் கேட்டி பெர்ரி என்றே பிறந்த ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் தம் பெயரிலேயே துணி விற்றுக்கொண்டிருந்தார். பாடகியின் பெயர் பொறித்த ஆடைகள் அங்கே விற்பனைக்கு வந்ததும் வணிகச்சின்ன வழக்கு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. ஒரு குழப்பத்திலிருந்து தப்ப எடுத்த பெயர் இன்னொரு குழப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இத்தனைக்கும் உலகில் பெயர்களுக்கா பஞ்சம்? ஒருவகையில் ஆமாம். குடும்பப் பெயர் தந்தை வழியாக மட்டும் இறங்கும் சமூகத்தில், ஆண் வாரிசில்லாத ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெயர் அணைந்துபோகிறது. அணைந்தது திரும்ப எரிவதில்லை. பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் இதைக் கணிதமாகவே எழுதிக்காட்டினார்கள். மக்கள்தொகை பெருகிக்கொண்டே போகும்போதும் பெயர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகலாம். அதனால்தான் குடும்பப் பெயர் வழக்கம் மிகப் பழையதாக இருக்கும் சீனாவிலும் கொரியாவிலும் பெயர்கள் ஒரு சிலவற்றில் குவிந்துகிடக்கின்றன. நெப்போலியன் காலத்தில்தான் எல்லோரும் குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த நெதர்லாந்தில் அவை இன்னும் பலவாகச் சிதறிக்கிடக்கின்றன. தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். சீனாவில் ‘ஜாங் வெய்’ என்ற ஒரே முழுப்பெயரில் சுமார் 2,90,000 பேர் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

பெயர்களுக்குத் தட்டுப்பாடு வந்தால் தொழிலைத்தான் மனிதர்கள் முதலில் கைநீட்டி எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பதோடு சரி. அங்கே தொலைபேசிப் புத்தகம் இயற்பெயரின் அகரவரிசையில் அச்சாயிற்று. பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் இருக்கும். வேல்ஸில் ஜோன்ஸ்கள் மலிந்த ஊர்களில் பால் விற்பவர் ‘பால் ஜோன்ஸ்’ ஆகிவிடுவார்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். தாமோதரனார் என்ற பெயரில் புறநானூற்றில் புலவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். மற்றவர் வடமவண்ணக்கன் தாமோதரனார். வண்ணக்கன் என்றால் நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பவர். ஒருவர் நாடி பார்த்தார், ஒருவர் காசு பார்த்தார். தொகுத்தவர் அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டிருந்தால், மருத்துவமும் செய்து நாணயமும் சோதித்த ஒரே பல்கலை வித்தகராக அவர்கள் இன்று நமக்குக் கிடைத்திருப்பார்கள். அரசர்களுக்குத் தொழிலைச் சொல்லிப் பயனில்லை, எல்லோருக்கும் ஒரே தொழில். ஆகவே இறந்த இடத்தைச் சொன்னார்கள்: இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். குழப்பமே வராத அடையாளம்தான். உயிரோடிருக்கும்வரை யாரும் அதைப் பயன்படுத்த முடியாது என்பது மட்டுமே குறை.

அந்த அடைமொழி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழில் எடுத்துக்காட்டு உண்டு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஒளவையார் சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடிய ஒளவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினாலும், மக்கள் மனத்தில் ஒரே பாட்டிதான், கையில் ஒரே கோல்தான். இரண்டு வாழ்க்கைகளை ஒட்டியதால் விழுந்த கால இடைவெளியை அடைக்க நீண்ட ஆயுள் தரும் அந்த நெல்லிக்கனியே கைகொடுத்தது. ஒரு பிழையைக் காப்பாற்ற இவ்வளவு அழகான காரணம் வேறெங்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இதே வரிசையில் கபிலருக்கும் பிற்காலப் பெயர்க்காரர் ஒருவர் உண்டு. பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனார். 1983இல் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிய கபில் தேவை நல்லவேளை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒளவையாருக்கு மக்கள் நினைவு செய்ததை இன்று கணினிகள் நாள்தோறும் செய்கின்றன, நெல்லிக்கனி இல்லாமல். காரணம் ஒன்றேதான். மனிதர் ஒருவர் பெயரைக் கேட்கும்போது அதைச் சுற்றி வினையும் இனமும் சார்பும் இருக்கின்றன. பட்டியலில் ஏறும்போது அவை கழன்று விழுந்துவிடுகின்றன, எழுத்துகள் மட்டும் மிஞ்சுகின்றன. 2004இல் அமெரிக்க செனட்டர் டெட் கென்னடி விமான நிலையங்களில் மறுபடி மறுபடி தடுக்கப்பட்டார். சந்தேகத்துக்குரியவர் பட்டியலில் ‘டி. கென்னடி’ என்று ஒரு பெயர் இருந்ததுதான் காரணம். நாட்டில் மிக அதிகமாக அறியப்பட்ட முகங்களில் ஒன்று அவருடையது. ஆனால் பட்டியலுக்குக் கண் இல்லையே! பாதுகாப்புத் துறையின் தலைமைவரை பேசியும் பெயர் நீங்க வாரக்கணக்கில் ஆனது. செல்வாக்குள்ள அவருக்கே இப்படியென்றால் சாதாரணப் பயணி என்ன செய்வார் என்று செனட்டில் நடந்த விசாரணையிலேயே அவர் கேட்டார். பிறகு அங்கே முழுப்பெயரும் பிறந்த தேதியும் பாலினமும் சேர்த்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்று முறை மாறியது.

பிறந்த தேதி சேர்த்தால் தீர்ந்துவிடுமா? ஜாங் வெய்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 29,200 நாள்கள். 2,90,000 பேரைச் சமமாகப் பரப்பினால் ஒவ்வொரு நாளிலும் பத்து ஜாங் வெய்கள் பிறந்திருப்பார்கள். உண்மையில் சமமாகப் பரவியிருக்க மாட்டார்கள். பெயர் மோகம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு பிறந்திருப்பார்கள். ஆக, பெயரும் பிறந்த நாளும் பொருந்தினாலே ஆள் உறுதி என்று எழுதப்பட்ட எந்த நிரலும் அங்கே பல்லிளிக்கும்.

அறிவியல் உலகில் இது பிழைப்புப் பிரச்சினை. கட்டுரைகளில் குடும்பப் பெயரும் முதலெழுத்துமாகத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஒரே துறையில் பத்து ‘ஒய். வாங்’ இருந்தால் யார் உழைப்பு யார் கணக்கில் சேரும்? 2012இல் தொடங்கப்பட்ட ஆர்கிட் என்ற அமைப்பு ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண் தருகிறது. கடைசி இலக்கம், எண்ணைத் தட்டச்சு செய்யும்போது பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டாலும், வேறு லிபியில் எழுதினாலும் எண் மாறாது. இயந்திரக் கற்றல் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான கலிஃபோர்னியப் பேராசிரியர் மைக்கேல் ஜோர்டனுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. கூடைப்பந்தாட்டக்காரருக்கும் தமக்கும் நடுவில் ஓர் ‘ஐ’ வைத்துக்கொண்டார். நடிகர் மைக்கேல் ஜோர்டன் ஒரு ‘பி’ வைத்துக்கொண்டார். கூடைப்பந்தாட்டக்காரர் மட்டும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அடைமொழி இல்லாமல் நடமாடுவதுதான் அந்தப் பெயரின் முதலாளி யார் என்பதற்கு அடையாளம். 1899இல் ஆங்கிலேய சர்ச்சில்தான் நடுப்பெயரைச் சேர்த்துக்கொண்டார். இன்று ‘அமெரிக்க நாவலாசிரியர்’ என்ற வால் மற்றவர் பெயருக்குப் பின்னால் தொங்குகிறது.

இந்த முதலாளித்தனம் கைமாறுவதை மிக வெளிச்சமாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரேசில் கால்பந்து அணியைப் பார்க்க வேண்டும். போர்த்துக்கீசியத்தில் பெயரோடு ஒரு விகுதி சேர்த்தால் ‘பெரிய’ என்றாகும், இன்னொன்று சேர்த்தால் ‘சின்ன’ என்றாகும். 1994 உலகக் கோப்பை அணியில் ரொனால்டோ இருவர். மூத்த தடுப்பாட்டக்காரர் ரொனால்டோன், அதாவது பெரிய ரொனால்டோ. பதினேழு வயதுப் பையன் ரொனால்டினோ, சின்ன ரொனால்டோ. 1996 ஒலிம்பிக்கில் வேறொரு மூத்த ரொனால்டோ அணியில் இருந்ததால், அப்போதும் பையனின் சட்டையில் ‘ரொனால்டினோ’தான். பிறகு பையன் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரானார், சின்னத்தனம் உதிர்ந்தது, வெறும் ரொனால்டோ ஆனார். அந்தச் சமயத்தில் இன்னும் இளைய ரொனால்டோ ஒருவர் அணிக்கு வந்து சேர்ந்தார். காலியாகக் கிடந்த ‘ரொனால்டினோ’வை அவருக்கு மாட்டிவிட்டார்கள். 2002இல் இருவரும் சேர்ந்து கோப்பை வென்றார்கள். அதற்குள் போர்ச்சுகலில் கிறிஸ்டியானோ ரொனால்டோ வளர்ந்துகொண்டிருந்தார். இவர் பெயரின் அந்தப் பகுதி அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனிடமிருந்து வந்தது. இன்று ‘ரொனால்டோ’ என்று மட்டும் சொன்னால் இருபது வயதுக்காரர் ஒருவரை நினைப்பார், நாற்பது வயதுக்காரர் இன்னொருவரை நினைப்பார். சண்டை வராமலிருக்கச் சட்டை எண்ணைச் சேர்த்து ஆர்9, சிஆர்7 என்கிறார்கள்.

எண்ணைச் சேர்ப்பதில் கொரியப் பெண்கள் கோல்ஃப் சங்கத்துக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரே பெயரில் இன்னொரு வீராங்கனை பதிவு செய்தால் அடுத்த எண்ணைக் கொடுத்துவிடுகிறது. லீ ஜியோங்-அன் என்ற பெயரில் ஆறாவதாக வந்தவர், ஆறைப் பெயரோடு ஒட்டிக்கொண்டே அமெரிக்கா போனார். அங்கே ஏற்கெனவே ஐந்தாமவர் ஆடிக்கொண்டிருந்தார். 2019 அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் போட்டியை வென்றபோது கோப்பைக்குரியவராக அறிவிக்கப்பட்ட பெயரிலும் அந்த எண் இருந்தது: லீ6. பந்தில் அவர் பெரிதாக எழுதிவைத்துக்கொள்வதும் அதே ஆறுதான்.